தோட்டத்துப் பெரியம்மா பதில்கள்: வெங்காயம் கிண்டும் நாள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் வெங்காயம், மிளகாய், பனம்பழம் மூன்றும்தான் நிறைந்து கிடக்கு. ஆவணி என்றால் அப்படித்தான். உர விலை கேட்டு எழுதியவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில்: உங்கள் ஊர்க் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கோ. நான் எழுதி, அது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் விலை வேறாகிவிடும்.

கேள்வி: நான் ஏழாலையில் பிறந்து சின்ன வயதிலேயே வெளிக்கிட்டவள். "தோட்டத்தில் என்னம்மா செய்வினம்?" என்று மகள் கேட்டால் எனக்குக் கிணற்றடியும் துலாவும் மட்டும்தான் ஞாபகத்தில் வருகுது. ஆவணியில் உங்கள் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று விடிந்தது முதல் எழுதுவீர்களா? (ஒரு வாசகி, ரொறன்ரோ)

தங்கச்சி, எல்லா நாளும் ஒருபோல இராது. வெங்காயம் கிண்டும் நாளை, அதாவது முற்றின வெங்காயத்தை மண்ணிலிருந்து எடுக்கிற நாளைச் சொல்கிறேன். ஆவணியில் அதுதான் பெரிய நாள்.

எங்கள் தோட்டம் யாழ்ப்பாணத்துக் குப்பிழான் பக்கத்துச் செம்மண் தறை, பன்னிரண்டு பரப்பு. 16 பரப்புக் கூடினால் ஒரு ஏக்கர் என்று மகளுக்குச் சொல்லுங்கோ. கனடாக் கமக்காரன் கேட்டால் சிரிப்பான். பாதியில் வெங்காயம், அடுத்ததில் மிளகாய், மிச்சத்தில் கத்தரியும் பயிற்றையும், கரையோரம் வாழையும் மாட்டுக்குப் புல்லும். ஆனி பிறக்க நட்ட வெங்காயம் ஆவணி நடுவில் கிண்ட வரும். தாள் பாதிக்கு மேல் தானாகச் சாய்ந்தால் காய் முற்றிவிட்டது. அதற்கு முந்தியே தண்ணியை நிறுத்திவிடுவோம்.

ஆனால் அன்றைய நாள் வெங்காயத்தில் தொடங்காது, கிணற்றில்தான் தொடங்கும். எங்களுடையது பங்குக் கிணறு. நாலு வீட்டார் முறை வைத்து இறைக்கிறோம். எங்கள் முறை விடியப்புறம் நாலு மணி. வெங்காயம் கிண்டினாலென்ன, வீட்டில் கலியாணம் நடந்தாலென்ன, முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை மிளகாய் வாடி நிற்கும். இவர் மோட்டரைப் போட, மகன் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பான். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி அடுத்ததைத் திறக்க வேணும். அவனுக்கு டோர்ச் தேவையில்லை. தண்ணி பாத்தியின் கடைசி வரம்பில் முட்டும்போது சத்தம் மாறும், அதைக் கேட்டு வெட்டுவான். ஏன் அந்த நேரத்தில் இறைப்பு என்றால், காலமை எட்டு ஒன்பது மணிக்குச் சோளகக் காற்று எழும்பிவிடும். காற்றும் வெயிலும் சேர்ந்தால் பாய்ச்சின தண்ணி வேருக்குப் போகுமுன் ஆவியாகிவிடும். ஆவணியில் கிணறும் அடியில்தான் கிடக்கும். மாரி மழைக்கு இன்னும் இரண்டு மாதம். மோட்டர் காற்றிழுக்கிற சத்தம் வந்தால் நிறுத்தி ஊறவிட வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மழைக்குத்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்கிற மழைத்தண்ணிதான் எல்லாருக்கும்.

உங்கள் ஞாபகத்தில் இருக்கிற துலாவை இப்ப காண்பது அரிது. 1990களில் மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலத்தில் தண்ணி இறைக்கிற மிசின்கள் மூலையில் கிடக்க, பழைய துலாக்களைத் திரும்பக் கட்டி மிதித்தார்கள். துலாவில் ஏறி நடக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணி மாற ஒருவர். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340க்குப் போனபோது, பழைய துலாக்காலைத் தட்டிப் பார்த்த ஆட்களும் இருந்தார்கள். நாங்கள் மின்சார மோட்டருக்கு மாறினோம்.

அவர்கள் இறைக்கிற நேரத்தில் எனக்கு மாடு. கறந்து, கன்றை ஊட்டவிட்டு, கடகத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரப் பனையடிக்கு. இரவு விழுந்த பனம்பழத்தை விடியமுன் பொறுக்க வேணும். பிந்தினால் மாடு சூப்பிவிடும், இல்லாவிட்டால் வண்டு குடியேறிவிடும். பிறகு அடுப்படி. ஆட்களுக்குப் புட்டு, கட்டைச் சம்பல், கத்தரிக்காய்ப் பால்கறி. மகன் கத்தரிக்காயையும் பயிற்றங்காயையும் மோட்டர்சைக்கிளில் கட்டிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் பறப்பான். வெள்ளாப்பில் போனால் ஒரு விலை, வெயில் ஏறிப் போனால் இன்னொரு விலை.

ஆறரைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் பெண்கள். வெங்காயம் கிண்டுவது பார்க்கச் சின்ன வேலை. குந்தியிருந்து, நாலைந்து அடியின் தாளை ஒன்றாகக் கூட்டிப் பிடித்து, நேராக மேலே இழுக்காமல் ஒரு பக்கம் சரித்து ஒரு சுண்டு. காய்ந்த செம்மண் "பொளக்" என்று வாய் பிளந்து விடும். இறுகின இடத்தில் இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், காய் மண்ணுக்குள் நிற்கும். அங்கே உழவாரத்தால் அடியைக் கிளப்ப வேணும். வேரில் பிடித்த மண்ணை மற்றக் கையில் தட்டி உதிர்ப்பார்கள். புதிதாக வந்த பிள்ளையள் அவசரத்தில் நிலத்தில் அடிக்கும். அடிக்க விடக்கூடாது. அடிபட்ட காய் அன்றைக்கு அழகாக இருந்து ஒரு மாதத்தில் கொட்டிலையே நாறடிக்கும். கிண்டினதை வரிசையாகக் கிடத்தும்போது முதல் வரிசைக் காயை அடுத்த வரிசைத் தாள் மூடவேணும். கூரைக்குக் கிடுகு வேய்கிற மாதிரி. இல்லாவிட்டால் ஆவணி வெயில் காயை அவித்துவிடும்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி, பனங்கட்டித் துண்டோடு. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேணும். எங்கள் பக்கத்தில் பல தோட்டங்களில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி. கொத்துகிற வேலை பாரம், கிண்டுகிற வேலை லேசு என்று நியாயம் சொல்வார்கள். ஆவணி வெயிலில் காலை தொடக்கம் குந்தியிருந்து பார்த்த எந்த ஆம்பிளையும் அப்படிச் சொல்லமாட்டான். எங்கள் வீட்டில் ஒரே கூலி. இதற்காக அயலில் சிலர் எங்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பரவாயில்லை.

பதினொன்றரைக்குக் கிண்டல் நிறுத்தம். மத்தியானம் முற்றத்தில் காய்கிற மிளகாயைப் புரட்டி, குளித்து, சாப்பிட்டு, மாமர நிழலில் சாக்கை விரித்து எல்லாரும் சரிவோம். அந்த நேரத்தில் வேலை செய்கிறவன் கெட்டிக்காரன் இல்லை. பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்ப இறங்குவோம். முன்னைய நாட்களில் கிண்டி வயலிலேயே காய்ந்த வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி, லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு மிசினில் ஏற்றிக் கொட்டிலுக்குக் கொண்டுபோவது. அதற்குள் வியாபாரி பட்டா என்கிற சின்ன லொறியோடு வந்து வரம்பில் நிற்பார். ஒரு காயை உரித்துப் பார்த்து, "ஈரம் கிடக்கு அக்கா" என்று தொடங்குவார். ஈரம் இருக்காது. அது விலை குறைக்கிற பல்லவி. கழிவு என்று நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ கழிப்பார் என்பதை விலை பேசமுன் கேட்க வேணும், பேசின பிறகு கேட்டால் நட்டம் எங்களுக்கு. இதெல்லாம் மருமகளின் பொறுப்பு. அவள் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர், வியாபாரிக்கு அவளைக் கண்டால் தொண்டை அடைக்கும்.

பொழுது பட மிளகாயைக் கூட்டிப் படங்கால் (தார்ப்பாயால்) மூடி, ஆட்டுக்குக் குழை வெட்டிப் போட்டு, மாடு கறந்து, கிணற்றடியில் ஊத்தை போகக் குளித்தால் ஏழரை. கை மணம் மட்டும் போகாது. தேசிக்காய் தேய்த்தும் போகாது.

கேள்வி: போன வருடம் ஆவணியில் எடுத்த வெங்காயத்தில் நல்லதை விதைக்கென்று கொட்டிலில் தூக்கி வைத்தேன். ஐப்பசி மழையோடு கொஞ்சம் அழுகிவிட்டது, கொஞ்சம் முளைத்துவிட்டது. மார்கழி நடுகைக்கு விலை கொடுத்து வெளியில்தான் வாங்கினேன். எங்கே பிழை? (கமக்காரர், புன்னாலைக்கட்டுவன்)

கொட்டிலில் பிழை தேடாதேங்கோ தம்பி. பெரும்பாலும் பிழை வயலில் நடந்திருக்கும்.

முதல் கேள்வி: கடைசி யூரியா எப்ப போட்டீர்கள்? காய் பருக்கிற நேரத்தில் "இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும்" என்று போடுகிற யூரியாதான் விதை வெங்காயத்தின் எமன். தாள் திரும்பப் பச்சை பிடிக்கும், கழுத்துத் தடிக்கும். தடித்த கழுத்து மூடாது. மூடாத கழுத்துக்குள்ளால் பூஞ்சணம் இறங்கும். கடைசி நாட்களில் தண்ணி பாய்ச்சினாலும் இதே கதை. சந்தைக்குப் போகிற வெங்காயம் நாலு நாளில் கறிச்சட்டிக்குள் போய்விடும், அதற்குப் பெருப்பம் காணும். விதைக்கு வைப்பதற்குப் பெருப்பம் வேண்டாம். நடுத்தரக் காய்தான் நல்லது. ஆகவே விதைக்கு விடுகிற பாத்திகளை ஆடியிலேயே பார்த்து அடையாளம் வைத்து, அந்தப் பாத்திகளுக்கு உரத்தையும் தண்ணியையும் முந்தி நிறுத்துங்கோ. இலை முறுகல் நோய் தொட்ட பாத்தியில் எவ்வளவு வடிவான காய் இருந்தாலும் விதைக்கு எடுக்கக்கூடாது. நோயைக் கையோடு கொண்டுபோய் அடுத்த போகத்தில் நடுகிற வேலை அது.

இரண்டாவது, காயவிடுகிறது. வயலில் இரண்டு மூன்று நாள் காய்ந்தது காணும் என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். கழுத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கோ. உள்ளே ஏதோ வழுக்குகிற மாதிரி இருந்தால் இன்னும் ஈரம். கடதாசிபோல ஒட்டிக் கிடந்தால் சரி. மேல்தோல் சரசரக்கும்.

மூன்றாவதுதான் கொட்டில். தகரக் கூரையின் கீழ் கட்டின வெங்காயம் பகலில் வேகும், மழை இரவில் தகரத்தின் அடியில் வேர்க்கிற தண்ணி அதன் மேலேயே சொட்டும். கிடுகுக் கூரையும் நாலு பக்கமும் காற்றோட்டமும் உள்ள பழைய கொட்டிலுக்கு நிகர் இல்லை. தகரம்தான் இருக்கு என்றால் அதன் கீழே ஒரு தட்டு ஓலை பரப்புங்கோ. பிடிகளைச் சுவரில் முட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று நெருங்காமல் தூக்குங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, மெத்தென்று இருக்கிறதையும் கறுப்புத் தூள் பிடித்ததையும் உடனே கழட்டி எறியுங்கோ. எங்கள் மாமியார் அடுப்படி முகட்டில் கட்டித் தொங்கவிடுவா. புகையும் சூடும் பட்டு அது மார்கழிவரை அசையாது. இப்ப எல்லார் வீட்டிலும் காஸ் அடுப்பு, அந்த வசதி போய்விட்டது.

முளைத்ததைப் பற்றிக் கேட்டீர்கள். நாலு மாதத்துக்குக் கிட்ட வைத்திருந்தால் சிலது முளைக்கத்தான் செய்யும். வேதாளன் போன்ற எங்கள் பழைய இனங்களை வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அயலில் கேட்டுப் பாருங்கோ. நடுகைக் காலத்தில் வெளியில் வாங்குகிற விதை வெங்காயத்தின் விலை உங்களுக்குத் தெரியும். அந்தக் காசு வீட்டிலேயே நிற்கட்டும்.

கேள்வி: கலியாணம் முடித்து அச்சுவேலிக்கு வந்து முதல் ஆவணி. மிளகாய் காயவைக்கிற வேலை என் தலையில். சிலது வெளிறி வெள்ளையாகப் போகுது, சிலது கறுக்குது. மாமி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கண்ணுக்கு முன்னால் தனியாக வைக்கிறா. (பெயர் வேண்டாம்)

பிள்ளை, மாமி செய்வது தரம் பிரிப்பு. பகையாக எடுக்காதையும். வெளிறினதைத் தனியாக்காமல் விற்றால் முழுச் சாக்குக்கும் குறைந்த விலைதான் வரும்.

வெளிறுவதற்குக் காரணம் ஆய்கிற நேரத்தில் இருக்கு. முழுக்கச் சிவக்காத, செங்காயாக நிற்கிற மிளகாயைப் பழத்தோடு சேர்த்து ஆய்ந்தால் அதுதான் வெயிலில் வெள்ளையாகும். ஆய்ந்து வந்ததை உடனே வெயிலில் கொட்டாமல் நிழலில் ஒன்று இரண்டு நாள் குவித்து வைத்துப் பாரும். செங்காயும் பழுத்து நிறம் ஒத்து வரும். ஆழக் குவித்தால் அவிந்துபோகும், முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கறுப்பது ஈரத்தால். வெறும் மண்ணில் பரப்பாதையும். படங்கோ ஓலைப்பாயோ விரித்து, ஒரு படைதான் இருக்கவேணும். நாளுக்கு மூன்று நாலு தரம் புரட்டவேணும். பொழுது படமுன் கூட்டி மூடிவிடவேணும், விடிய வெயில் ஏறின பிறகுதான் திறக்கவேணும். தார் ரோட்டில் காயப்போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர். சுறுக்காகக் காயும், உண்மைதான், ஆனால் அந்தத் தூசியையும் வாகன எண்ணெயையும் சேர்த்துத்தான் தூளாக்கிச் சாப்பிடவேணும். பூஞ்சணம் பிடித்த மிளகாயை வறுத்துத் தூளாக்கிவிடலாம் என்று யாரும் சொன்னால் கேளாதையும். அந்த நஞ்சு எங்கள் அடுப்புச் சூட்டுக்கு அழியாது. ஒரு கைப்பிடி எடுத்துக் குலுக்கினால் விதை உள்ளே கலகலக்க வேணும், காம்படி வளைத்தால் முறியவேணும். அப்பதான் சாக்கு.

நாலு கிலோ பழம் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ செத்தல் மிளகாய். நிறையக் குறைந்துபோச்சே என்று முதல் வருடம் எல்லாரும் பயப்படுவார்கள். மாமியும் ஒருகாலம் பயந்திருப்பா, கேட்டுப் பாரும்.

கேள்வி: என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை பட்டதாரி. ஆனால் வேலை கிடைக்கவில்லை என்று தோட்டம் செய்கிறார். ஓம் சொல்லலாமா? (மாணவி, திருநெல்வேலி)

வேலை கிடைக்கும்வரை தோட்டம் செய்கிறாரா, தோட்டம்தான் வேலை என்று செய்கிறாரா என்று கேளும். முதலாவது என்றால் இரண்டு வருடத்தில் அவருக்கும் நிம்மதி இராது, உமக்கும் இராது. இரண்டாவது என்றால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் விடிய ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பக்கம் போய்ப் பாரும். அங்கே நின்றால் ஓம் சொல்லும்.

கேள்வி: லண்டனிலிருந்து மருமக்கள் வருகினம். பன்னிரண்டு வயதும் ஒன்பது வயதும். தோட்டத்தில் வேலை செய்து பார்க்க ஆசையாம். எதைக் கொடுப்பது? (கோண்டாவில் மாமா)

மிளகாயை மட்டும் கொடுத்துவிடாதேங்கோ. மிளகாய் ஆய்ந்த கையால் கண்ணைத் தொட்டால் உங்கள் மச்சாள் அடுத்த வருடம் டிக்கற் எடுக்கமாட்டா. தப்பித் தவறிக் கை எரிந்தால் வெறும் தண்ணியில் கழுவிப் பயனில்லை. முதலில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கோ.

சின்னவனுக்குப் பனம்பழம். விடியப் போய்ப் பொறுக்க வேணும் என்று சொன்னால் அவன்தான் முதலில் எழும்புவான். ஆனால் காற்றடிக்கிற நேரத்தில் பனைக்கடியில் நிற்க விடாதேங்கோ. ஒரு பழம் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், விழுகிற உயரத்தையும் யோசியுங்கோ. பொறுக்கினதில் நாலை நெருப்பில் சுட்டு உரித்துக் கொடுங்கோ. சுடுகிறபோது கைப்புக் குறைந்துவிடும். சட்டை முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு வருவான், அந்தக் கறை போகாது, பழைய சட்டையோடு அனுப்புங்கோ.

பெரியவளுக்கு வாய்க்கால். செருப்பைக் கழட்டிவிட்டு மண்வெட்டியோடு விட்டால் பின்னேரம்வரை கூப்பிட்டாலும் வராள். ஒரு பாத்தியை உடைப்பாள், உடைக்கட்டும். வெங்காயத்துக்குத் தாள் நுனி வெட்டுகிற வேலை இரண்டு பேருக்கும் கொடுக்கலாம், நிழலில் இருந்து செய்கிறது. கூலி என்று ஆளுக்குக் கொஞ்சக் காசு கையில் கொடுங்கோ. மறக்கமாட்டார்கள்.

கேள்வி: இந்த வருடம் நல்லூர்த் தேரும் எங்கள் வெங்காயமும் ஒரே கிழமையில். ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்களாம். (இணுவில்)

வரத்தான் மாட்டார்கள். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி, 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம். இது சந்திரனோடு போகிற கணக்கு. கலண்டர் தை மாதமே சுவரில் தொங்குகிறது. வெங்காயம் ஏறக்குறைய 70, 75 நாள் பயிர். நடுகிற அன்றைக்கே விரலை மடித்து எண்ணியிருக்கலாம். இனி இந்த வருடம் செய்யக்கூடியது ஒன்றுதான்: தாள் சாய்ந்த பாத்திகளைத் தேருக்கு முந்திக் கிண்டுங்கோ, மிச்சம் தீர்த்தம் முடியட்டும். தண்ணி விடாமல் இருந்தால் நாலைந்து நாளில் ஒன்றும் கெடாது. கத்தரி, பயிற்றை, வெண்டி இருந்தால் அதைக் கவனியுங்கோ. ஊர் முழுக்க மரக்கறிச் சமையல், விலை வரும்.

கேள்வி: பனங்களி பிழிந்த கொட்டைகள் முற்றம் முழுக்கக் கிடக்கு. எறியவும் மனமில்லை. கிழங்குப் பாத்தி போடலாம் என்று நினைக்கிறேன், ஒருக்காலும் போட்டதில்லை. (வாசகி, கொடிகாமம்)

கொடிகாமத்து மணலில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? எங்கள் செம்மண் இறுகும், உங்கள் மண்ணில்தான் கிழங்கு நேராக இறங்கும்.

புரட்டாதி மழை தொடங்கமுன் பாத்தி ஆயத்தமாக வேணும். வெள்ளம் நிற்காத இடமாகப் பார்த்து, மண்ணை நன்றாகக் கிளறி, இடுப்பளவுக்குக் கிட்ட மேடாகக் குவியுங்கோ. உயரம் ஏன் என்றால் கிழங்கு கீழ்நோக்கித்தான் இறங்கும். இறங்க இளகின மண் இல்லாவிட்டால் கட்டையாக நின்றுவிடும். மேட்டைச் சமப்படுத்தி, கொட்டைகளை ஒன்றோடொன்று தொடும்படி நெருக்கி அடுக்குங்கோ. சிலர் இரண்டு படை அடுக்குவார்கள், முதல் தரம் என்றபடியால் நீங்கள் ஒரு படையோடு நில்லுங்கோ. மேலே மண் தூவி, பழைய ஓலையால் மூடுங்கோ. மழை பிந்தினால் இடைக்கிடை தண்ணி தெளியுங்கோ. மாரி பிடித்துவிட்டால் பிறகு உங்களுக்கு வேலையில்லை. மார்கழி கடைசி, தை பிறக்கக் கிண்டலாம். ஒன்றிரண்டைக் கிண்டிப் பார்த்து முடிவெடுங்கோ, பிந்தினால் தும்பு வைக்கும். அவித்துச் சாப்பிட்டு மிஞ்சினதைக் கிழித்துக் காயவையுங்கோ. அவித்துக் காய்ந்தால் புழுக்கொடியல், பச்சையாகக் காய்ந்தால் ஒடியல், கூழுக்கு அதுதான்.

பனாட்டும் போடுகிறதென்றால் இப்பவே போடுங்கோ. பாயில் மெல்லிசாகக் களி ஊற்றி, காய்ந்ததன் மேல் அடுத்த நாள் இன்னொரு படை, இப்படியே விரல் தடிப்பு வரும்வரை. நடுவில் ஒரு மழை அடித்தால் எல்லாம் வீண்.

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் வெங்காயத் தோட்டம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணியைக் கொதிக்க வைத்துப் பாவிக்கிறேன். காணுமா? (இளந்தாய், உரும்பிராய்)

காணாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. தண்ணி வற்ற வற்ற அது இன்னும் செறியும். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல். தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போடுகிற யூரியா பாசனத் தண்ணியோடும் மழையோடும் நேரே கிணற்றுக்கு இறங்கிவிடும். மலசலகூடக் குழியும் கிட்ட இருந்தால் அதுவும் சேரும். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் கண்டிருக்கிறார்கள். பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் ஆபத்து. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பு நீலம் பாரிக்கும். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுவே போதும். பால்மாதான் என்றால் சோதித்த தண்ணியில் கரையுங்கோ. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கிணற்றைச் சோதிக்கக் கேளுங்கோ, குடும்பநல உத்தியோகத்தரிடமும் இன்றைக்கே சொல்லுங்கோ.

சுற்றியுள்ள தோட்டக்காரர்களுக்கும் இது கேட்கவேணும். கண்ணை மூடிக்கொண்டு எறிகிற யூரியாவில் வெங்காயம் எடுக்கிறதைவிடக் கிணறு எடுக்கிறதுதான் கூட. சணலை விதைத்து உழுது, பூவரசங்குழையைப் பசளையாக மண்ணுக்குள் தாழ்த்தி, மாட்டுப் பட்டி அடைத்துத் தோட்டம் செய்த ஊர் இது. குழை தாழ்க்கச் சொன்னால் இப்ப ஆள் பிடிக்கேலாது என்கிறார்கள். உண்மைதான். பாதியாவது குழைக்கு மாறுங்கோ, உரச் செலவும் பாதி குறையும்.

கேள்வி: வெங்காயம் கிண்டின இரவு உங்கள் வீட்டில் சமையல் யார்? (குறும்புக்காரன், சுன்னாகம்)

பேக்கரிக்காரர். சைக்கிள் மணி கேட்டதும் பேரன் ஓடிப்போய் ரோஸ்பாண் நாலு வாங்குவான். விலைபோகாத பொடி வெங்காயத்தையும் செத்தலையும் இடித்துச் சம்பல் போடுவது இவர். உப்புக் கூடத்தான் இருக்கும், ஒருவரும் சொல்வதில்லை.